வசுதாரா அருவியும் சதோபந்த் ஏரியும்: முதல் முறை போகிறவர்களுக்கு ஒரு திட்டம்

நம் ஊரிலிருந்து பத்ரிநாத் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரு ராத்திரிதான் தங்குகிறார்கள். மாலையில் போய்ச் சேர்ந்து, தப்த குண்டத்து வெந்நீரில் குளித்து, தரிசனம் முடித்து, மறுநாள் காலையில் மானா கிராமத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு மதியத்துக்குள் கீழே இறங்கிவிடுகிறார்கள். ஆழ்வார்கள் பாடிய திருவதரியைச் சேவிக்க வந்தவர்களுக்கு அது போதும். ஆனால் மானாவில் எல்லோரும் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிற பீம் புல் என்ற பாறைப் பாலத்தைத் தாண்டி ஒரு கல் பாதை போகிறது. அதில் 5, 6 கிலோமீட்டர் நடந்தால் வசுதாரா அருவி. அதே பள்ளத்தாக்கில் மூன்று நாள் நடந்து உள்ளே போனால், சுமார் 4,600 மீட்டர் உயரத்தில், முக்கோண வடிவில் சதோபந்த் ஏரி.

இரண்டையும் முதல் முறை பார்க்க நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். திட்டம் போட உட்காரும்போது எத்தனை கிலோமீட்டர் என்று கணக்குப் போடாதீர்கள். எத்தனை ராத்திரி, ஒவ்வொரு ராத்திரியும் எந்த உயரத்தில் தூங்கப் போகிறோம் என்று முதலில் எழுதுங்கள். வண்டி, அறை, டிக்கெட் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

எது வரை போவது?

வசுதாரா ஒரு நாள் வேலை. காலையில் கிளம்பி மதியம் திரும்பிவிடலாம். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்காத, தினமும் கொஞ்சம் நடக்கிற யாரும் நிதானமாகப் போய் வரலாம். சதோபந்த் வேறு ரகம். கூடாரம், வழிகாட்டி, சுமை தூக்குபவர், சமையல் ஏற்பாடு எல்லாம் வேண்டும். பாதையில் கடை கிடையாது, போன் எடுக்காது. கடைசி நாளில் பாறைக் குவியல்மேல் கால் வைத்துக் கால் வைத்து ஏற வேண்டும்.

இமயமலைப் பக்கம் இதுவரை நடந்ததே இல்லை என்றால், முதல் பயணத்தில் வசுதாராவோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்பதுதான் என் யோசனை. 3,600 மீட்டரில் உங்கள் உடம்பு எப்படி நடந்துகொள்கிறது என்று அந்த ஒரு நாளில் தெரிந்துவிடும். அதைத் தெரிந்துகொண்டு அடுத்த வருஷம் ஏரிக்குப் போகலாம். முதல் பயணத்திலேயே ஏரி வரை போயாக வேண்டும் என்றால், ஹரித்வாரில் தொடங்கி ஹரித்வாரில் முடிய குறைந்தது 11 நாள் ஒதுக்குங்கள். 8 நாளில் முடித்துத் தருகிறோம் என்று யாராவது சொன்னால், எந்த ராத்திரியை வெட்டினார்கள் என்று கேளுங்கள்.

நம் ஊரிலேயே ஒத்திகை பார்க்க முடியும். திருவண்ணாமலை கிரிவலம் 14 கிலோமீட்டர் என்றாலும் சமதளம். காலுக்கு நல்லது, நுரையீரலுக்கு வேலை இல்லை. அலிபிரியிலிருந்து திருமலைக்கு 3,550 படி ஏறிப் பாருங்கள், அல்லது பிப்ரவரி முதல் மே வரை வெள்ளியங்கிரி ஏழாவது மலை வரை போய் வாருங்கள். வெள்ளியங்கிரி ஏறி இறங்கிய மறுநாள் காலையில் எழுந்து இன்னும் 8 கிலோமீட்டர் நடக்க முடிகிறது என்றால், கால் தயார். மறுநாளும் நடக்க வேண்டியிருக்கும் என்பதுதான் பல நாள் நடையில் புதியவர்களுக்குப் பிடிபடாத விஷயம்.

எந்த மாதம்?

கோயில் நடை ஏப்ரல் கடைசியிலோ மே மாதத்திலோ திறந்து நவம்பரில் சாத்தப்படுகிறது. நடை சாத்தியதும் மானாவில் இருக்கிற போட்டியா மக்களும் குளிர்காலத்துக்காகக் கீழே உள்ள ஊர்களுக்கு இறங்கிவிடுவார்கள். ஆக, போக முடிகிற காலமே ஆறு மாதம்தான்.

மே, ஜூனில் பாதையில் பனி மிச்சமிருக்கும், பத்ரிநாத்தில் கூட்டமும் உச்சத்தில் இருக்கும். ஜூலை, ஆகஸ்ட், அதாவது நம் ஆடி ஆவணி, வேண்டவே வேண்டாம். பூவும் பசுமையும் அப்போதுதான் அழகு, சரி. ஆனால் ரிஷிகேசத்திலிருந்து மேலே வருகிற சாலை மழையில் எங்கே சரியும் என்று யாருக்கும் தெரியாது. ஸ்ரீநகருக்கும் (காஷ்மீர் ஸ்ரீநகர் அல்ல, உத்தராகண்டில் உள்ளது) ருத்ரபிரயாகைக்கும் நடுவே சிரோபகட், கோவிந்த்காட்டைத் தாண்டி லாம்பகட் இரண்டும் மண்சரிவுக்குப் பேர்போன இடங்கள். அங்கே மாட்டிக்கொண்டால் ஒரு நாள் போகலாம், இரண்டு நாளும் போகலாம்.

புரட்டாசிதான் சரியான மாதம். செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை மழை விலகியிருக்கும், வானம் தெளிந்திருக்கும், 6,596 மீட்டர் நீலகண்ட சிகரம் விடியற்காலையில் கோயிலுக்குப் பின்னால் பொன்னாக மின்னும். ராத்திரிக் குளிர் கடுமைதான், ஆனால் குளிருக்குக் கம்பளி உண்டு. அக்டோபர் பிற்பாதியில் புதுப் பனி விழ வாய்ப்புண்டு. சதோபந்த் போகிறவர்கள் அதற்குள் இறங்கிவிடுவது நல்லது.

பதிவும் அனுமதியும்

பத்ரிநாத் போகும் யாத்ரீகர்கள் உத்தராகண்ட் சுற்றுலாத் துறையின் சார்தாம் பதிவைச் செய்தே ஆக வேண்டும். இணையதளத்திலேயே செய்யலாம். வழியில் சரிபார்ப்பார்கள், எனவே பதிவுச் சீட்டைப் போனிலும் காகிதத்திலும் வைத்திருங்கள். கூட்ட நாட்களில் தேதி கிடைக்காமல் போகும். ரயில் டிக்கெட் போடுவதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள்.

வசுதாராவுக்குப் போக மானாவிலிருந்து நேராக நடக்க வேண்டியதுதான். சதோபந்துக்கு முன் அனுமதி வேண்டும். எல்லைப் பகுதி, காட்டுப் பகுதி இரண்டுமாக இருப்பதால், ஜோஷிமட்டில் சப்-டிவிஷனல் மாஜிஸ்திரேட் அலுவலகம், வனத்துறை என்று இரண்டு இடத்திலும் வேலை இருக்கிறது. பதிவு பெற்ற வழிகாட்டியை ஏற்பாடு செய்தால் அவரே பார்த்துக்கொள்வார். ஆதார் நகல், புகைப்படம், மருத்துவச் சான்றிதழ் மூன்றையும் நாலைந்து பிரதி எடுத்துப் போங்கள். அரசு விடுமுறையில் அலுவலகம் மூடியிருக்கும் என்பதால், ஜோஷிமட் போய்ச் சேரும் நாள் ஞாயிற்றுக்கிழமையாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் கடவுச்சீட்டில் வருகிறவர்கள், மானாவுக்கு மேலே போகத் தனி அனுமதி வேண்டுமா என்று வழிகாட்டி மூலம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

போய்ச் சேர்வது

ரயிலில் ஹரித்வார், அல்லது விமானத்தில் டேராடூன். அங்கிருந்து ரிஷிகேசம், தேவபிரயாகை, ஸ்ரீநகர், ருத்ரபிரயாகை, கர்ணபிரயாகை, நந்தபிரயாகை, சமோலி, பீப்பல்கோட்டி, ஜோஷிமட், பத்ரிநாத். ரிஷிகேசத்திலிருந்து ஏறக்குறைய 300 கிலோமீட்டர். நம் ஊர்ச் சாலையில் 300 கிலோமீட்டர் என்றால் 5 மணி நேரம். இங்கே 10, 12 மணி நேரம் ஆகும். ராத்திரியில் மலைச்சாலையில் வண்டி விடமாட்டார்கள்.

ஒரே நாளில் போக முடியும், ஆனால் போகாதீர்கள். ரிஷிகேசம் 400 மீட்டர்கூட உயரமில்லை. பத்ரிநாத் 3,100 மீட்டர். காலையில் கங்கைக் கரையில் டீ குடித்துவிட்டு ராத்திரி பத்ரிநாத்தில் படுத்தால், உடம்புக்கு என்ன நடந்தது என்று புரிவதற்குள் தலைவலி வந்துவிடும். பீப்பல்கோட்டியிலோ, 1,900 மீட்டர் அளவில் இருக்கும் ஜோஷிமட்டிலோ ஒரு ராத்திரி கட்டாயம் தங்குங்கள். 2023 ஜனவரியில் நிலம் இறங்கி வீடுகள் விரிசல் விட்டது இந்த ஜோஷிமட்டில்தான்; எனவே அறை போடும்போது எந்தப் பகுதி என்று விசாரித்துக்கொள்ளுங்கள். வைணவர்களுக்குத் திருப்பிரிதி என்கிற திவ்யதேசமும் இதுதான், நரசிம்மர் கோயிலைப் பார்த்துவிட்டு மறுநாள் மேலே ஏறலாம்.

உயரத்துக்குப் பழகுவது

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு தரம் படியுங்கள்.

கடல் மட்டத்தில் ஒரு மூச்சில் கிடைக்கிற ஆக்சிஜனில் பத்ரிநாத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் கிடைக்கும். சதோபந்தில் பாதியைவிடச் சற்று அதிகம், அவ்வளவுதான். உடம்பு இதற்குப் பழகிக்கொள்ளும், ஆனால் நாள் எடுத்துக்கொள்ளும். 3,000 மீட்டருக்கு மேலே, இன்று தூங்கிய இடத்தைவிட நாளை தூங்கும் இடம் 500 மீட்டருக்கு மேல் உயரமாக இருக்கக் கூடாது என்பது மலை மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. பகலில் மேலே போய்விட்டுக் கீழே வந்து தூங்கினால் பழக்கம் சீக்கிரம் வரும்.

இந்தக் கணக்கை வைத்துத்தான் நாட்களை அடுக்க வேண்டும். பத்ரிநாத்தில் முதல் நாள் மதியம் சேர்ந்து ஓய்வு; தூக்கம் வந்தாலும் பகலில் படுக்காமல் மெதுவாகக் கடைத்தெருவில் நடங்கள். இரண்டாம் நாள் ஊருக்கு மேலே இருக்கும் சரணபாதுகை வரை ஏறி இறங்குங்கள். மூன்றாம் நாள் வசுதாரா. வசுதாராவோடு திரும்புகிறவர்களுக்குப் பயணம் அதோடு முடிகிறது. ஏரிக்குப் போகிறவர்களுக்கு அந்த மூன்று ராத்திரிதான் அஸ்திவாரம். வசுதாரா ஏறக்குறைய 3,600 மீட்டர். அங்கே போய்விட்டு 3,100-ல் வந்து தூங்கிய உடம்பு, மறுநாள் ஏரிப் பாதையில் முதல் தங்குமிடமான லக்ஷ்மிவனத்தில் கூடாரம் அடித்தால் முரண்டு பிடிக்காது.

லேசான தலைவலி, பசியின்மை, ராத்திரி தூக்கம் கலைவது இவை பலருக்கும் வரும். தண்ணீர் நிறையக் குடித்து, அதே உயரத்தில் ஒரு நாள் கூடுதலாக இருந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். தலைவலி மாத்திரைக்கு அடங்கவில்லை, வாந்தி நிற்கவில்லை என்றால் மேலே ஏறவே கூடாது. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, நுரையோடு இருமல், நடை தள்ளாடுவது, பேச்சு குழறுவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அந்த நிமிடமே கீழே இறங்க வேண்டும், நடு ராத்திரியானாலும் சரி. தள்ளாடுகிறாரா என்று சந்தேகம் வந்தால், ஒரு காலின் குதிகாலை மறுகாலின் விரல் நுனியில் ஒட்டி வைத்து நேர்கோட்டில் பத்து அடி நடக்கச் சொல்லுங்கள். நடக்க முடியாதவரை "கொஞ்சம் படுங்க, சரியாயிடும்" என்று படுக்க வைப்பது ஆபத்து.

அசிட்டசோலமைடு மாத்திரையைப் பலர் பக்கத்து மருந்துக் கடையில் வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். உங்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுப் போடுங்கள்; சல்பா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அது ஆகாது. ரத்த அழுத்தம், இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே மருத்துவரைப் பாருங்கள். தூக்க மாத்திரையும் மதுவும் இந்த உயரத்தில் வேண்டாம்.

வசுதாரா நாள்

பத்ரிநாத்திலிருந்து மானா 3 கிலோமீட்டர், வண்டி போகும். காலை 6 மணிக்கெல்லாம் மானாவில் இருங்கள். கிராமத்துச் சந்துகள் வழியே விநாயகர் குகை, வியாசர் குகையைத் தாண்டினால் சரஸ்வதி ஆற்றின் இரைச்சல் கேட்கும். இரண்டு பாறைக்கு நடுவே ஒடுங்கிப் பீறிட்டு வருகிற ஆறு அது. மேலே ஒரு பெரிய பாறை பாலமாகக் கிடக்கிறது. பாண்டவர்கள் சொர்க்கத்துக்குப் போனபோது திரௌபதி ஆற்றைக் கடக்க வீமன் தூக்கிப் போட்ட கல் என்பார்கள். பீம் புல் இதுதான். கொஞ்சம் கீழே சரஸ்வதி அலக்நந்தாவில் கலக்கிறது.

பாலத்தைத் தாண்டியதும் கடை இல்லை. தண்ணீர் 2 லிட்டர், சாப்பாடு எல்லாம் இங்கேயே எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் கல் பாவிய ஏற்றம், அரை மணி நேரம் மூச்சு வாங்கும். பலர் இங்கேயே திரும்பிவிடுகிறார்கள். ஏற்றம் முடிந்ததும் பாதை பள்ளத்தாக்கின் ஓரமாகச் சாய்வில் போகிறது. இடது பக்கம் கீழே அலக்நந்தா, எதிரே பனி மலைகள். மரம் ஒன்றுகூட இல்லை, நிழலும் இல்லை. கடைசிப் பகுதியில் பாறைக் கற்கள் கிடக்கும், அங்கே நிதானமாகப் போங்கள். புதியவர்களுக்குப் போக இரண்டரை, மூன்று மணி நேரம் ஆகும்.

அருவி சுமார் 400 அடி உயரத்திலிருந்து விழுகிறது. குற்றாலத்தை மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள், அப்படி அடித்துக் கொட்டுகிற தண்ணீர் இல்லை. மேலிருந்து கிளம்பும் தண்ணீர் பாதி வழியிலேயே காற்றில் தூளாகிவிடுகிறது. ஒரு நிமிடம் பாறையை ஒட்டி வெள்ளையாக இறங்கும், காற்று திரும்பியதும் பத்து இருபது அடி தள்ளி வேறெங்கோ சாரலடிக்கும், நின்ற இடத்தில் ஒரு சொட்டு விழாது. பாவம் செய்தவர்மேல் இந்தத் தண்ணீர் படாது என்ற நம்பிக்கை வந்ததே இந்தக் காற்றால்தான் என்று நினைக்கிறேன். சாரல் மேலே பட்டவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும், அத்தனை சந்தோஷம்.

ஒரு எச்சரிக்கை. மே, ஜூனில் அருவியின் அடியில் பனி மேடு கட்டியிருக்கும். படம் எடுக்க அதன்மேல் ஏறாதீர்கள். அடியில் தண்ணீர் ஓடி ஓடிப் பனி உள்ளே பொந்தாக இருக்கும். மேலே பார்த்தால் கெட்டியாகத்தான் தெரியும். சாரலில் நனைந்தால் உடனே உலர்ந்த சட்டையை மாற்றுங்கள். காலை 11 மணிக்குத் திரும்பத் தொடங்கிவிடுங்கள். மதியத்துக்கு மேல் பள்ளத்தாக்கில் காற்று வலுக்கும், மேகம் இறங்கும்.

சதோபந்த்: மூன்று நாள் ஏற்றம்

பனி இருக்கும் காலத்தில் வசுதாரா பக்கமாகவே போய், அலக்நந்தாவின்மேல் கட்டியிருக்கும் பனிப்பாலத்தில் ஆற்றைக் கடக்கிறார்கள். பனி உருகிய பிறகு மாதா மூர்த்தி கோயிலிலிருந்து எதிர்க்கரை வழியாகப் போவார்கள். வசுதாரா அப்போது ஆற்றுக்கு அந்தப் பக்கம் தெரியும். எந்தக் கரை என்பதை வழிகாட்டி அந்த வாரத்து நிலையைப் பார்த்து முடிவு செய்வார், அவரோடு வாதாடாதீர்கள்.

முதல் நாள் லக்ஷ்மிவனம். முற்காலத்தில் வடக்கே பட்டையை ஏடாகப் பயன்படுத்திய பூர்ஜ மரங்கள் நிற்கிற கடைசி இடம் இது, இதற்கு மேல் மரமே கிடையாது. இங்கிருந்து பார்த்தால் பகீரத் கரக், சதோபந்த் என்ற இரண்டு பனியாறுகள் முடிகிற இடம் தெரியும். அலக்நந்தா அங்கேதான் பிறக்கிறது. இரண்டாம் நாள் சக்கரதீர்த்தம், 4,000 மீட்டருக்கு மேல். வழியில் சஹஸ்ரதாரா வருகிறது. நீலகண்டத்தின் பனிச்சுவரிலிருந்து எத்தனை என்று எண்ண முடியாத அருவிகள் இழை இழையாக இறங்கும். வசுதாராவைவிட எனக்கு இதுதான் பிடிக்கும். இந்த நாளில் நடையின் வேகத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். பேச்சு தடைபடாமல் நடக்க முடிகிற வேகமே சரியான வேகம்.

மூன்றாம் நாள் விடியும்போதே கிளம்ப வேண்டும். சக்கரதீர்த்தத்துக்கு மேலே செங்குத்தான ஒரு ஏற்றம், அதற்கப்புறம் பனியாறு தள்ளிக் குவித்த பாறைகள். ஒரு கல்லில் காலை வைத்து, அது ஆடுகிறதா என்று பார்த்து, அப்புறம்தான் உடம்பின் எடையைப் போட வேண்டும். ஊன்றுகோல் இரண்டு இருந்தால் நல்லது. பாதை என்று எதுவும் இல்லை, கல்மேல் கல் அடுக்கி வைத்த அடையாளங்களைப் பார்த்துப் போக வேண்டும். மூடுபனியில் அதுவும் தெரியாது. வழிகாட்டி இல்லாமல் போகாதீர்கள் என்று சொல்வது இதனால்தான். அந்தப் பாறைக் குவியலின் முகட்டில் ஏறியதும் பச்சைத் தண்ணீரோடு ஏரி கீழே தெரியும். 7,138 மீட்டர் சௌகம்பா சிகரமும் அந்தப் பக்கம்தான்.

ஏகாதசியில் பிரம்மா, விஷ்ணு, மகேஸ்வரன் மூவரும் ஆளுக்கொரு மூலையில் நீராடுவதாக இந்த ஊர்க்காரர்கள் நம்புகிறார்கள். சோப்பு, ஷாம்பு, பூஜைப் பொருளின் பிளாஸ்டிக் உறை எதுவும் தண்ணீர் அருகே போகக் கூடாது. முங்கிக் குளிக்க ஆசை இருக்கும். அந்தக் குளிரில் சில நொடியில் மூச்சு அடைக்கும். கையில் அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டாலே போதும். அன்றே சக்கரதீர்த்தத்துக்கு இறங்கிவிடுங்கள். மறுநாள் லக்ஷ்மிவனத்திலோ, கால் ஒத்துழைத்தால் பத்ரிநாத்திலோ தங்கலாம். வானிலைக்காக ஒரு நாளைக் கையிருப்பில் வைத்திருங்கள்.

வழிகாட்டியிடம் பணம் பேசும்போது மொத்தத் தொகையை மட்டும் கேட்காதீர்கள். கூடாரத்தில் எத்தனை பேர், தூக்கப் பை எந்தக் குளிர் வரை தாங்கும், ஆக்சிஜன் சிலிண்டர் உண்டா, ஒருவர் பாதியில் இறங்க நேர்ந்தால் அவரோடு யார் வருவார் என்று கேளுங்கள். சுமை தூக்குபவர்களுக்கு ஷூவும், தூங்க உலர்ந்த இடமும், கம்பளியும் இருக்கிறதா என்று நீங்களே கண்ணால் பாருங்கள். நம் மூட்டையைச் சுமக்கிறவர் ரப்பர் செருப்போடு அந்தப் பாறைகளில் ஏறக் கூடாது.

மூட்டையில் என்ன?

ஜீன்ஸும் பருத்தி பனியனும் வேண்டாம். நனைந்தால் காயாது, காயாத துணி குளிரைக் கூட்டும். சீக்கிரம் உலரும் முழுக்கைச் சட்டை, அதன்மேல் கம்பளி, அதன்மேல் காற்றும் மழையும் புகாத ஜாக்கெட் என்று அடுக்கடுக்காகப் போடுவதுதான் வழி. குரங்குக் குல்லா, கையுறை, இரண்டு ஜோடி கம்பளிக் காலுறை. கணுக்காலை மூடும் ஷூ வாங்கினால், கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே வாங்கி ஊரில் போட்டு நடந்து பழக்குங்கள். கறுப்புக் கண்ணாடியும் வெயில் கிரீமும் கட்டாயம், பனியில் பட்டுத் திரும்பும் வெயில் நம் ஊர் வெயிலைவிடக் கொடியது. தலையில் மாட்டும் டார்ச், ஓஆர்எஸ் பொட்டலம், காயத்துக்குப் பிளாஸ்டர், உங்கள் வழக்கமான மருந்து இரட்டிப்பு. பவர் பேங்கையும் போனையும் ராத்திரி தூக்கப் பைக்குள்ளேயே வையுங்கள், குளிரில் சார்ஜ் இறங்கிவிடும்.

உயரத்தில் பசி எடுக்காது, சப்பாத்தியும் ஆலு சப்ஜியும் மூன்றாம் நாளில் இறங்காது. அப்போது கைகொடுப்பது பருப்புப் பொடி, ரசப்பொடி, ஊறுகாய். தண்ணீர் அங்கே 90 டிகிரிக்கும் கீழேயே கொதித்துவிடுவதால் அரிசி வேக நேரமாகும், சமையல்காரரை அவசரப்படுத்தாதீர்கள். நடக்கும்போது கடலை மிட்டாய், பேரீச்சம்பழம். ரொக்கம் போதுமான அளவு வைத்திருங்கள்.

இறங்கும்போது

ஏரியிலிருந்து பத்ரிநாத் வந்ததும் அனுமதிச் சீட்டு கொடுத்த இடத்திலும், தங்கிய விடுதியிலும், ஊரில் வீட்டிலும் "வந்துவிட்டோம்" என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால் தேட ஆள் அனுப்பிவிடுவார்கள். குப்பையை மானாவில் கொட்டாமல் ஜோஷிமட் வரை கொண்டு வாருங்கள்.

பத்ரிநாத்திலிருந்து கிளம்பும் அன்றே ஹரித்வாரில் ரயிலோ டேராடூனில் விமானமோ பிடிக்கிற மாதிரி டிக்கெட் போடாதீர்கள். ஒரு சரிவு விழுந்தால் அரை நாள் நிற்க வேண்டியிருக்கும். காலை 6 மணிக்குள் பத்ரிநாத்தை விட்டால் இருட்டுவதற்குள் ரிஷிகேசம் வந்துவிடலாம். அங்கே ஒரு ராத்திரி தங்கி, மறுநாள் மதியத்துக்கு மேல் கிளம்பும் வண்டிக்கு டிக்கெட் போடுங்கள்.